திரையில் தெரிந்த கை

போன சனிக்கிழமை மாலை மீஞ்சூர் டென்ட் கொட்டகையில் படம் பார்த்தேன். பக்கத்தில் ஏகாம்பரம். பழவேற்காட்டு மீனவர். சந்தைக்கு இறால் கொண்டுவருவார். நான் அவருடைய வாடிக்கை.

இப்போதெல்லாம் நம் படங்களில் வில்லன் போக்கர் ஆடாமல் இருப்பதில்லை, கவனித்தீர்களா? வட்ட மேஜை, தொங்கும் விளக்கு, கோட்டு, சுருட்டு... நம் பக்கம் மூன்று சீட்டுதான். போக்கர் ஆடிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இந்த வில்லனும் சீட்டைக் கலைத்தார். குளோசப். திரை முழுக்க இரண்டு கைகள். சீட்டுகள் தண்ணீர் மாதிரி கைக்குக் கை ஓடின. கொட்டகை முழுக்க விசில்.

ஏகாம்பரம் எழுந்து நின்றுவிட்டார்.

"சார்... இது நம்ம நூல்கார வரதன் கை! கட்டைவிரல் நகத்தைப் பாரு, ரெண்டாப் பொளந்துகினு கீது!"

"குந்துய்யா, மறைக்குது!" என்றது பின்வரிசை.

உட்கார்ந்து சொன்னார். வரதன் திருவள்ளூர்க்காரர், குப்பத்துக்கு வலை நூல் விற்க வருபவர். மீனவர்கள் கடலுக்கோ ஏரிக்கோ போகாத நாளில், ஏகாம்பரம் உள்பட அவர்களோடு காசு வைத்து மூன்று சீட்டு ஆட உட்காருவார். அவர் கலைத்தால் பாதிச் சீட்டு மணலில் விழும். பொறுக்கிச் சேர்த்துப் போடுவார். ஆனாலும் பெரும்பாலும் அவரே ஜெயிப்பார். அதிர்ஷ்டக்காரர் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அது போகட்டும். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. பாடு என்பார்கள். பெயர் எழுதிய துண்டுகளைக் குடத்தில் போட்டு ஒருவர் எடுப்பார். முதலில் வரும் பெயருக்கு நல்ல இடம். சொந்தக்காரன் எடுத்தால் சந்தேகம் வருமே! வெளியூர்க்காரர் வேண்டும், சூது தெரியாத கையும் வேண்டும்.

யாரை எடுக்கச் சொன்னார்கள் என்கிறீர்கள்? வரதனை. இரண்டு வருஷமாக!



இடைவேளையில் விளக்குப் போட்டார்கள். ஏகாம்பரம் கை நீட்டிக் காட்டினார்: மூன்று வரிசை முன்னால் மணலில் வரதனே உட்கார்ந்திருந்தார். தன் கையைத் தானே பார்க்க மூன்றாவது நாளாக வந்திருக்கிறாராம்!

சோடாக் கடை ஓரம் ஏகாம்பரம் அவர் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நூல்காரரே, சினிமாவுல ஓடுற கை எங்கூட்டாண்ட மட்டும் நடுங்குதா?"

"ஸ்டூடியோல கூப்ட்டாங்க நைனா. மூஞ்சி வராதுன்னாங்க. யாருக்குத் தெரியப்போவுதுன்னு போனேன்."

"கொடத்துலயும் கை வெச்சியா?"

வரதன் விரலை உருவிக்கொள்ளப் பார்த்தார். ஏகாம்பரம் விடவில்லை.

"சொல்லுய்யா! எவனுக்கு வெச்ச?"

"ரெண்டு தபாவும் மொதல்ல வந்த பேரு யாருது?"

ஏகாம்பரத்தின் கை தளர்ந்தது. இரண்டு முறையும் முதலில் வந்தது அவர் பெயர்தான்.

"நான் உன்னைக் கேக்கவே இல்லியே!"

"நல்லதுதான பண்ணேன்? உன் வலை காலியா இருந்தா, என்கூட இன்னாத்த வெச்சி ஆடுவ?"

அதைச் சாதாரணமாக, நூல் விலை சொல்வதுபோல் சொன்னார். சினிமா வில்லன் ஒரே ஆட்டத்தில் ஆளை உரித்துவிடுகிறான். தொழில்காரன் அப்படியா செய்வான்? கறக்கிற மாட்டுக்குத் தீனி போடுகிறான்...

வரதன் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். ஏகாம்பரம் அங்கேயே நின்றார்.

"பேஜாராப் பூட்ச்சி சார். ஊர்ல சொன்னா எடம் போவும். எனக்குத் தெரியாதுன்னா எவன் நம்புவான்? சொல்லாட்டி... எத்தினி பேரு சோத்துல கை வெச்சிகினு இருக்கேன்!"

 

மறுநாளே ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டாராம். பாதிப் பேர் நம்பவில்லை. அவர் வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். குலுக்கலை மறுபடி நடத்தினார்கள். குடத்திலிருந்து கடைசியாக வந்த பெயர் ஏகாம்பரம்.

நேற்று பார்த்தபோது விசாரித்தேன்.

"சேத்துப் பக்கம் சார், ஒண்ணும் மாட்டாது," என்றார். "ஆனா இப்பதான் சார் அது என் எடம்."