மேட்டாங்காட்டில் ஒரு கரடி மணி

“…வேண்டுதலும் இல்லீங்கறீங்க, ஊட்டுல சண்டையும் இல்லீங்கறீங்க, பஸ்ஸும் உட்டுப்போகலீங்கறீங்க. அப்பறம் எதுக்குங்க இந்த வெயில்ல ஒண்டியா நடக்கறீங்க?”

கேட்டவர் மொபெட்டில் இருந்தார். பின்னால் வாழையிலைக் கட்டு. என் நடைக்குச் சமமாக வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார். பரமத்தி வேலூரில் ஆற்றோர வாழையும் கரும்பும் முடிந்து, வடக்கே வானம் பார்த்த மேட்டாங்காடு தொடங்குகிற இடம் அது. சோளத்தட்டு, வேலிக்கருவை, தூரத்தில் கோழிப்பண்ணைக் கொட்டகை, காற்று திரும்பினால் அதன் வாசம். இதைத்தான் நான் என்னுடைய வனாந்தரம் என்று தேர்ந்தெடுத்திருந்தேன்.

நம்மூரில் ஒரு மனிதன் காரணமில்லாமல் தனியாக நடக்க முடியாது. கனடாவில் உட்கார்ந்துகொண்டு திட்டம் போடும்போது இது மறந்துபோய்விடுகிறது. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் பனிக்காலம் முழுக்க வெளியே தலை காட்டாவிட்டாலும் அது அவருடைய ‘ஸ்பேஸ்’. கதவைத் தட்டினால் நாம்தான் பண்பு கெட்டவர்கள். இங்கே பால் வண்டிக்காரர் நிறுத்தி ஏறச் சொன்னார். முட்டை லாரிக்காரர் ஏறச் சொன்னார். நான் எதிலும் ஏறாததைப் பார்த்துவிட்டு, களையெடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், “கோவிச்சுக்கிட்டுப் போறாப்பல இருக்குது, யாராச்சும் சமாதானம் பண்ணி அனுப்புங்க” என்று காட்டுக்கே பொதுவாக அறிவித்தார்.

இந்த நடை எனக்குச் சொல்லப்பட்ட வைத்தியம். போன வருஷம் என் அண்ணன் செல்வராசு மாரடைப்பில் போய்விட்டார். சொந்த லாரி வைத்து ஓட்டியவர், எனக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பியவர். அவர் போன சமயம் என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயம். போகவில்லை. அண்ணன் சாவை, அங்கே யாரோ பிடித்துக் காட்டிய போனில் பார்த்தேன். அப்புறம் தூக்கம் போய்விட்டது. வேலையில் தப்புத்தப்பாகச் செய்ய ஆரம்பித்ததும் அலுவலகத்திலேயே ஒரு கவுன்சலரிடம் அனுப்பினார்கள். ஹெதர் என்று பெயர். நல்ல பெண்மணி. டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் வணக்கமே சொல்வார்.

“அண்ணனிடம் எப்படி விடைபெற விரும்புகிறீர்கள்?” என்று கேட்டார். எங்களூரில் சாவு வீட்டில் விடைபெறுகிற வழக்கம் இல்லை என்றேன். போய் வருகிறேன் என்று சொன்னால் அடுத்த சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். அதனால் வந்தவர்கள் அந்த வீட்டு ஆண்களுக்குக் கை கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அவர் கனிவாகத் தலையசைத்தார். “நீங்கள் பிரிவைத் தவிர்க்கிறீர்கள். அது இயல்புதான்,” என்றார். நான் மட்டும் இல்லை அம்மா, ஒரு ஜில்லாவே சேர்ந்து காலங்காலமாகத் தவிர்த்துவருகிறது என்று சொல்வதற்குள் என் நேரம் முடிந்துவிட்டது.

தனியாகக் காட்டுக்குள் போங்கள், மரங்களோடு இருங்கள், அங்கே உங்களை நீங்களே மன்னியுங்கள் என்றார். நானும் முறையாகப் பெரிய பூட்ஸ், ஊன்றி நடக்க இரண்டு தடி, பையில் கட்ட ஒரு கரடி மணி எல்லாம் வாங்கினேன். மணிச் சத்தம் கேட்டால் கரடி விலகிப் போய்விடுமாம். அங்கே ஒரு மலைக்குப் போயும் பார்த்தேன். மௌனத்துக்குக் குறைவில்லை. மன்னிக்கலாம் என்று உட்கார்ந்தால் குளிர். எழுந்து நடந்தால் கரடி நினைப்பு. அண்ணனுக்கு இடமே கிடைக்கவில்லை. எதிரே வந்த ஒருவரிடம் ஆசையாக “எங்கே போகிறீர்கள்?” என்று கேட்டேன். அவர் என்னைவிட்டுத் தள்ளி நின்று, பாக்கெட்டில் இருந்த போனைத் தடவிப் பார்த்துக்கொண்டார். என் மணி மனிதர்களைத்தான் விரட்டியது.

அனுமதி கைக்கு வந்து, வருஷத் திதிக்கு ஊருக்கு வந்தேன். வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். அண்ணி எனக்கு மட்டும் பாட்டில் தண்ணீர் வாங்கி வைத்திருந்தார். துக்கம் கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் போன வருஷமே கேட்டு முடித்துவிட்டார்கள். இப்போது வந்தவர்கள் என்னிடம் அங்கே குளிர் எப்படி என்று விசாரித்தார்கள். “சரி, வாரேனுங்க” என்று சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. துக்கத்துக்கு வராதவனிடம் என்ன துக்கம் கேட்பது? மறுநாள் காலையில் பூட்ஸை மாட்டி, மணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

“மணிச் சத்தம் கேட்டு, யாரூட்டு மாடோ அவுத்துக்கிட்டு வருதுன்னுதான் பாத்தேனுங்க,” என்றார் மொபெட்காரர். “பந்திக்கு நேரமாச்சு, இலை வாடுது. வாரேனுங்க.”

போகவில்லை.

“கால் நல்லாத்தான இருக்குது, தடி எதுக்குங்க ரெண்டு? சரி உடுங்க. வாரேனுங்க.”

அப்போதும் போகவில்லை.

“ஆமா, எந்த ஊருங்க? யாரூட்டுப் பையன் நீங்க?”

சொன்னேன். அவர் பிரேக்கைப் பிடித்தார்.

“லாரிக்காரர் செல்வராசண்ணன் தம்பிங்களா? அட சாமி! அன்னிக்குப் போனுக்குள்ள இருந்தது நீங்கதானா? உங்களப் புடிச்சுக்கிட்டு நின்னது நாந்தானுங்க!”

அவர் கையைப் பார்த்தேன். அன்றைக்கு முழுவதும் திரையின் ஓரத்தை ஒரு கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருந்தது. மிச்சத் திரையில் பந்தல் கொஞ்சம், வானம் கொஞ்சம், அண்ணனுடைய பாதம். விரலை எடுய்யா என்று மனசுக்குள் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

பாடை தூக்கியபோது எனக்கு ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. போனை வைக்கிற பழக்கத்தில், “சரி, வாரேன்” என்று வாயில் வந்துவிட்டது. சாவு வீட்டைப் பார்த்து, பாடையில் கிடந்த அண்ணனைப் பார்த்து. ஹெதரிடம் அனுமதிக் கதையைச் சொன்னேனே தவிர, இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக விடைபெற்றிருக்கிறீர்கள் என்று பாராட்டியிருப்பார்.

“அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேன்…” என்று ஆரம்பித்தேன்.

“கேட்டுதுங்க,” என்றார் அவர். “சரின்னதுமே தெரிஞ்சுபோச்சு, அடுத்து என்ன வரும்னு. ஸ்பீக்கர அமுக்கிப் புடிச்சுட்டனுங்க. எனக்கு மட்டுந்தான் கேட்டுது. போன் வெக்கறவங்க எல்லாரும் சொல்றதுதானுங்க அது. எம்பொண்டாட்டி ராங் நம்பர்க்காரன்கிட்டக்கூடச் சொல்லுவா.”

சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

“அன்னிக்கு எல்லார்த்துக்கும் கை குடுத்தோமுங்க. உங்களுக்குத்தான் எப்பிடிக் குடுக்கறதுன்னு தெரியல. போன் கண்ணாடியத் தொட்டா லைன் கட்டாயிருமோன்னு உட்டுட்டேன்.”

மொபெட்டை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். நான் தடிகளைக் கீழே போட்டேன். அவர் கைகளை வாங்கிக்கொண்டபோது, முதுகுப் பையில் கரடி மணி அடிக்க ஆரம்பித்தது. நான் நடக்கவில்லை, நின்ற இடத்தில்தான் நின்றிருந்தேன். ஆனாலும் அது அடித்துக்கொண்டே இருந்தது. அது ஓய்கிறவரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை.

ஓய்ந்ததும் கையை எடுத்துக்கொண்டார். ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு, வண்டியைக் கிளப்பாமல், வாழையிலைக் கட்டோடு உருட்டிக்கொண்டு நடந்தார். அத்தனை தடவை வாரேனுங்க சொன்ன மனிதர், ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பியும் பார்க்காமல் வேலி வளைவைத் தாண்டிப் போனார்.