மூடியைத் திறந்து கொடுத்தவர்

போன வாரம் திருமலைக்கு அலிபிரி வழியாகப் படியேறிக்கொண்டிருந்தேன். விடிந்தும் விடியாத வேளை. மழை விட்டு, மலை முழுக்கப் பனிமூட்டம். முன்னால் போகிறவர்கள் கொஞ்ச தூரத்திலேயே கரைந்து போனார்கள். கோவிந்தா சத்தம் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்தது. நான் நடக்கிறேனா, தூங்குகிறேனா...

முழங்கால் வலிதான் எழுப்பியது. உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் ஓர் இளைஞர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பெயர் குமரேசன். திருப்பதியில் ஓட்டல் சப்ளையர்.

"வேண்டுதலா?" என்றேன்.

"இல்ல சார்... லீவு. கூட வந்தவரு முன்னாடி போய்ட்டாரு."

பனியையே பார்த்துக்கொண்டிருந்தவர், கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். முன்பின் தெரியாத ஆளிடம்தான் சில விஷயங்கள் வாய்க்கு வரும், இல்லையா?

இதற்கு முன் அவர் சித்தூரை அடுத்த குடிபாலா பக்கம் ஒரு ஒயின் ஷாப்பில் சேல்ஸ்மேன். கடை திறந்ததும் முதல் ஆளாக வருவார் தணிகாசலம் — கொத்தனார். கை அப்படி நடுங்குமாம்.

"பாட்டில் மூடிய அவரால திருக முடியாது சார். பாவமா இருக்கும். நானே தொறந்து குடுப்பேன்."

ஒருநாள் தணிகாசலம் வரவில்லை. ரத்த வாந்தி எடுத்து, சித்தூரில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று தெரிந்தது. அன்றிலிருந்து குமரேசனுக்குத் தூக்கத்தில் மூடி திருகுகிற சத்தம். பொறுக்க முடியாமல் நேரிலேயே போய்விட்டார்.

கட்டிலில் தணிகாசலம். பக்கத்தில் அவர் மனைவி சரசு.

"என்னாலதாண்ணா உனக்கு இப்டி ஆச்சு" என்று குமரேசன் அழுதிருக்கிறார்.

தணிகாசலத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ இல்லன்னா வேற கடையாண்ட போயிருப்பேன். குட்சது என் வாயி. என் தப்பையும் நீயே தூக்கிக்கினு போய்ட்டா, நான் எத்த வச்சிக்கினு திருந்துறது?"

நிம்மதியாகக் கிளம்பியவரை, வாசல்வரை வந்து நிறுத்தினார் சரசு.

"அவரு சொன்னது அவரு தப்ப, தம்பி. கை நடுங்கறத நீ தெனம் பாத்துக்கினுதான இருந்தே? வூட்டுக்குப் போண்ணான்னு ஒரு வாட்டி சொன்னியா?"

குமரேசன் மறுநாள் கடைக்குப் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

"உங்க இடத்துக்கு வேற ஆள் வந்திருப்பாரே?" என்றேன்.

"வந்துட்டான் சார். கடை நல்லாதான் ஓடிக்கினு இருக்குது. ஆனா நான் இப்ப தூங்குறேன்."

"தணிகாசலம்?"

"டாக்டராண்ட விடாம போய்க்கினு இருக்காரு. நடுவுல ஒரு வாட்டி வழுக்கிட்டாரு... 'குட்சிட்டேன்டா'ன்னு அவரே போன் பண்ணாரு. நானும் சரசக்காவும் திரும்ப இட்டுக்கினு போனோம்."

மேலே, பனிக்குள்ளிருந்து ஒரு குரல். "இன்னாடா குமரேசா, வர்றியா... நான் போய்க்கினே இருக்கட்டா?"

"தோ வந்துட்டேன் தணிகாண்ணா!" எழுந்து ஓடினார்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். யார் சொன்னது சரி — கணவனா, மனைவியா? இரண்டு பேருமே என்றுதான் தோன்றியது.

சரக்கு குவார்ட்டர், ஆஃப் என்று கிடைக்கலாம். பழி அப்படியில்லை போல... ஆளுக்கு ஒரு ஃபுல்!