தள்ளி உட்காரச் சொன்னேன்

1956 ஜூன் 18, திங்கட்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கத்திரிப் பாத்திக்கு மடை மாற்றினேன். குளித்துச் சாப்பிட்டு, சூளகிரியில் ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்தோம், நானும் என் மகளும். இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பில் தேறியிருந்த அவளைக் கணக்கு ஆனர்ஸில் சேர்ப்பதற்காக, கிருஷ்ணகிரியைத் தாண்டி இருந்த ஒரு சிறு கல்லூரிக்குப் பயணம். ஆனர்ஸ் படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் என்னிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

பிரின்சிபால் அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச். அதில் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் இருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். சாமல்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தைச் சொன்னார். சொல்லும்போதே எழுந்து சுவரோரம் நின்றுகொண்டார். எங்கள் நிலத்தில் கூலிக்கு வருகிறவர்கள் என்னைக் கண்டால் அப்படித்தான் எழுந்து நிற்பார்கள். அவர்கள் யார் என்பது எனக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

எல்லையோரத்தில் இருக்கும் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவருக்குத் தெரியக் கூடாததை வேறு பாஷையில் பேசிவிடுவோம். பெஞ்சில் உட்கார்ந்த மகளிடம் நான் கன்னடத்தில், குரலைக்கூடத் தாழ்த்தாமல், அந்தப் பெண்ணை ஒட்டி உட்காராதே, தள்ளி உட்கார் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

பிரின்சிபால் நாலு பேரையும் சேர்த்தே கூப்பிட்டார். இரு பெண்களின் மார்க்கும் அவருக்குத் திருப்தி. ஆனால் பெண்களுக்கு விடுதி கிடையாது. கணக்கு ஆசிரியர் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. ஒரு பெண்ணைத் தனியாக வைத்துக்கொள்ள அந்த வீட்டில் சம்மதமில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தங்கினால் இருவருக்கும் இடம், இல்லாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. வெளியே போய்ப் பேசி முடிவு சொல்லுங்கள் என்றார்.

சம்மதிக்க வேண்டியவன் நான் மட்டும்தான் என்ற நினைப்பு எனக்கு. வெளியே வந்ததும், ஆட்சேபம் இல்லை என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். அந்தப் பெண்ணின் அப்பா கன்னடத்தில் பதில் சொன்னார். பெங்களூரில் பல வருஷம் கல் உடைத்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

"பக்கத்துல உக்காரக் கூடாதுன்னீங்க. ஒரே ரூமுல எப்படிங்க சாமி படுப்பாங்க?"

அந்தக் குரலில் குத்தல் இல்லை. தன் பெண் அங்கே என்ன பாடுபடுவாளோ என்று நிஜமாகவே கேட்டார். என் மகள்தான் அந்தப் பெண்ணிடம் போனாள். "நான் தள்ளி உக்காந்தது தப்பு. உனக்கு இஷ்டம்னா சேர்ந்து தங்கலாம்."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் தூக்கத்துல பேசுவேன். கன்னடத்துலயும் பேசுவேன், பரவாயில்லையா?" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, "எனக்குப் படிக்கணும்பா" என்றாள். அவர் தலையசைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

இருவரையும் சேர்த்துவிட்டு, நானும் மகளும் பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகப் பஸ் ஏறி அவர் ஊருக்குப் போனேன். அப்படி ஒரு தெருவுக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கயிற்றுக் கட்டிலைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன், ஆனால் உட்காரும் முன் ஒரு கணம் தயங்கினேன். கல்லூரியில் வாய்விட்டுச் சொன்னதைவிட, மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் தயங்கிய அந்த ஒரு கணம்தான் இன்றும் என்னை அதிகமாகக் கூசவைக்கிறது.