முத்தம்மாளைப் பார்க்க மூவர் கண்டிக்குப் போனது

மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கண்டி ஸ்டேஷனில் இறங்கினோம். முதல் நாள் காலையில் பரமக்குடியில் ரயில் ஏறியவர்கள். தனுஷ்கோடியில் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். கப்பலில் இரண்டு மணி நேரம். தலைமன்னாரில் மறுபடி ரயில். விடிகிற நேரத்தில் பொல்காவலையில் வண்டி மாறி, அங்கிருந்து மலை ஏறினோம். கப்பலில் நான் வாந்தி எடுக்கவில்லை. மற்ற இருவரும் எடுத்தார்கள்.

"வாந்தி எடுக்கல, அம்புட்டுத்தான். கண்ணைத் தொறந்தாளான்னு கேளு" என்று பாத்திமா இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அதை யாரும் நம்ப வேண்டாம்.

நாங்கள் மூன்று பேர். நான் வள்ளியம்மாள், முப்பத்தைந்து வருஷமாக மிளகாய் வற்றல் வியாபாரம் செய்கிறவள். பள்ளிக்கூடம் போனதில்லை. மூட்டையில் போடும் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்தே படிக்கக் கற்றேன், இதை எழுதுவதும் நானே. பாத்திமாவும் செல்லம்மாளும் என் தெருக்காரர்கள், என் வயதுக்காரர்கள். பாத்திமாவின் அண்ணன் மகன் சுல்தான் கட்டுகஸ்தோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். செல்லம்மாளின் தங்கை முத்தம்மாள் ஹுன்னஸ்கிரியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவள் கப்பல் ஏறி இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அக்காளும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அவளைப் பார்த்துவிட்டு வருவதற்குத்தான் இந்தப் பயணமே. செல்லம்மாளின் பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை பரிசம் போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை நாங்கள் திரும்ப ரயில் ஏறியாக வேண்டும். ஆகையால் முத்தம்மாளுக்கு என்று மிச்சம் இருந்தது வியாழக்கிழமை ஒரே ஒரு நாள்.

புதன்கிழமையை வீணாக்கவில்லை. சுல்தான் ஸ்டேஷனுக்கு வந்து எங்களை ஏரிக்கரை ஓரமாகவே நடத்திக் கூட்டிப்போனான். ஊரின் நடுவில் ஒரு ஏரி, சுற்றிவர மலை, மலையெல்லாம் மரம். எங்கள் ஊர்க் கண்மாயில் மாசிக்கே தரை தெரிய ஆரம்பித்துவிடும். இங்கே தண்ணீர் கரை தட்டி நிற்கிறது, குளிக்க ஓர் ஆள் இல்லை. புத்தருடைய பல்லை வைத்திருக்கும் மாளிகைக்குள் நானும் செல்லம்மாளும் போய் வந்தோம். பல்லைக் காட்டமாட்டார்கள். பேழைக்குள் பேழையாக உள்ளே இருக்கிறதாம். வெள்ளைப் பூவை நெடுக அடுக்கி வைத்திருக்கிறார்கள், அந்த வாசனை சேலையில் மறுநாள் வரை இருந்தது.

பகல் பன்னிரண்டுக்குப் பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டை போனோம். மூன்று மைல், ஆளுக்குப் பத்துச் சதம். பாலத்துக்குக் கீழே மகாவலி ஆற்றில் நான்கு யானைகள் ஒருக்களித்துப் படுத்துக் கிடக்க, பாகன்கள் தேங்காய் மட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். என் மருமகள் என் முதுகை ஒரு நாளும் அப்படித் தேய்த்ததில்லை.

சுல்தான் கடையில் ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டினான். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது, எங்கள் சீமைக் குண்டு மிளகாய். காம்பைக் கிள்ளி முகர்ந்து, "இது முதுகுளத்தூர்க் கரிசல்ல வெளஞ்சது. நாலு நாள் காய வேண்டியதை மூணு நாள்ல அள்ளிட்டான்" என்றேன். கடையில் நின்ற நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமி, நீங்க இங்கயே இருந்துருங்க. கடையை ஒங்க பேருக்கு எழுதித் தாறேன்" என்றான் சுல்தான்.

அவனுடைய வீடு மடவளையில். மனைவி சல்மா அந்த ஊர்ப் பெண், பழகத் தங்கமானவள். "வாங்கோ, இந்தக் கதிரையில இரிங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசலாம்" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். செல்லம்மாளுக்கென்று புதுச் சட்டியும் அரிசியும் தனியாக எடுத்து வைத்திருந்தாள். செல்லம்மாள் பொங்கினாள். நான் அதிலும் சாப்பிட்டேன், சல்மாவின் இடியப்பத்திலும் வட்டிலப்பத்திலும் சாப்பிட்டேன். ஊரில் யாராவது கேட்டால் என்னிடம் வந்து கேட்கட்டும்.

வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, சுல்தான் தொழுதுவிட்டு வந்ததும், தெரிந்தவருடைய லாரியில் எங்களை ஏற்றிவிட்டான். தெல்தெனிய தாண்டினதும் ஒரே வளைவும் ஏற்றமும்தான். ஒவ்வொரு வளைவுக்கும் பாத்திமா "யா அல்லா" என்றாள், செல்லம்மாள் "முருகா" என்றாள். டிரைவர் சிங்களவர், சிரித்துக்கொண்டே ஓட்டினார். ஏழு மணிக்கு ஹுன்னஸ்கிரியாவில் இறங்கினபோது பனி முகத்தில் ஈரத் துணி போட்டதுபோல இருந்தது.

தோட்டத்து ஆபீஸ் ரோட்டை ஒட்டியே இருந்தது. கணக்கப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கலாம், கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட கோட்டு. செல்லம்மாள் கை கூப்பி விஷயத்தைச் சொன்னாள்.

"வெளியாக்கள் தோட்டத்துக்குள்ளை போறதெண்டால் பெரிய துரை கையெழுத்து வைச்ச துண்டு வேணும், ஆச்சி" என்றார் அவர்.

"துரை எங்கய்யா?"

"கொழும்புக்குப் போட்டார். சனிக்கிழமைதான் வருவார்."

"நாங்க நாளைக்குக் கப்பலுக்குப் போகணுமே. அவளை இங்கன கூப்பிட்டு விடக்கூடாதா?"

"வேலை நேரத்திலை ஆளை எடுக்கேலாது. எனக்கு ஏச்சு விழும். நீங்கள் போயிட்டுச் சனிக்கிழமை வாங்கோ."

இருபத்திரண்டு வருஷத்தோடு இன்னும் இரண்டு நாள் சேர்ந்தால் என்ன என்கிற மாதிரிச் சொன்னார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பாத்திமா என் முழங்கையைக் கிள்ளி வெளியே இழுத்துவந்துவிட்டாள். செல்லம்மாள் ரோட்டோர மதகில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

அந்த நேரத்தில், ஒரு மலையை முடித்து அடுத்த மலைக்குப் போகிற பெண்கள் இருபது பேர் ரோட்டைக் கடந்தார்கள். தலையில் கயிறு, முதுகில் கூடை, இடுப்பில் சாக்குப் படங்கு. நான் எழுந்து உரக்கக் கேட்டேன். "ஆத்தா, பரமக்குடி முத்தம்மாளைத் தெரியுமா?"

வரிசையில் ஒருத்தி நின்றாள். கறுத்து மெலிந்து, கால் எலும்பெல்லாம் தெரிகிற பெண். என்னைப் பார்க்கவில்லை. செல்லம்மாளைப் பார்த்தாள்.

"அக்கா, ஒனக்குப் பல்லு போச்சா?" என்றாள்.

இத்தனை வருஷம் கழித்து அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். செல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டிப் பிடிக்கக்கூட நேரம் இல்லை. ஆபீஸ் ஜன்னல் அங்கிருந்து பார்த்தால் தெரியும். பின்னால் வந்த ஒரு பெண் விஷயத்தைக் கேட்டு, "லயத்து வீட்டுல மூணு கூடை சும்மா கெடக்கு, எடுத்தாறேன். கூடையை மாட்டிட்டா எந்தக் கெழவி எங்க கெழவி, எந்தக் கெழவி ஊருக் கெழவின்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். முத்தம்மாள் சிரிக்கவில்லை. "மாட்டிக்கிட்டா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க" என்றாள். சொல்லிவிட்டு, தன் படங்கை அவிழ்த்து அக்காள் இடுப்பில் கட்டினாள்.

அப்படித்தான் நான் என் அறுபத்திரண்டாம் வயதில் தேயிலை மலை ஏறினேன். கங்காணி ஒரு கிழவர். எங்களைப் பார்த்தார், பிறகு ஆகாயத்தைப் பார்த்தார், அதற்கப்புறம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கணக்கப்பிள்ளை எந்த நேரமும் கீழ்ப் பாதையில் வரலாம் என்பதால் அக்காளும் தங்கையும் ஒரே நிரையில், செடிக்கு அந்தப்பக்கம் ஒருத்தி, இந்தப்பக்கம் ஒருத்தியாக நின்று, கண்ணைச் செடியில் வைத்துக்கொண்டே பேசினார்கள்.

"அம்மா போறப்ப என்னையக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. பறி."

"என்னன்னு கேட்டுச்சு?"

"அவ சாப்புட்டாளான்னு கேட்டுச்சு. அழுவாத. மேல நிமிராத, பறி."

கை நிற்காமல் பறித்தபடியே முத்தம்மாள் அழுதாள். பேச்சில் மூன்று பிரசவம் வந்தது, ஒரு சாவு வந்தது, செல்லம்மாள் வீட்டு எருமை வந்தது. பாத்திமாவின் காலில் அட்டை ஏறி, அவள் "அல்லாவே" என்று கத்தி, ஒருத்தி சவர்க்காரம் தேய்த்து அதை உதிர்த்தாள்.

நான் பேச்சில் கலக்கவில்லை. பறித்தேன். எங்கள் மிளகாய்க் கொல்லையில் என் ஆட்களுக்கு முப்பத்தைந்து வருஷமாக நான் சொல்கிற சட்டம் ஒன்றே ஒன்று: பிஞ்சில் கை வைக்காதே, முற்றினதைப் பறி. இந்தச் செடியின் நுனியில் இளசாகப் பச்சை முளை இருந்தது. அதையெல்லாம் பத்திரமாக விட்டுவிட்டு, கீழே கரும்பச்சையாகத் தடித்து நின்ற இலையாகப் பார்த்து உருவினேன். பக்கத்துப் பெண்கள் நுனியை மட்டும் கிள்ளிப் போடுவதைப் பார்த்து, அறியாத சனம், இளசைக் கெடுக்கிறதே என்று மனதுக்குள் வருத்தப்பட்டேன். பதினொன்றரைக்கெல்லாம் என் கூடை நிரம்பிவிட்டது. அந்த மலையில் முதலில் நிரம்பியது என் கூடைதான். அதை இன்றைக்கும் சொல்வேன்.

பன்னிரண்டு மணிக்குக் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு வரிசையாக இறங்கினோம். தராசுக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளையே நின்றார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி கூடையைக் கவிழ்த்தேன். அவர் ஒரு பிடி அள்ளினார். விரலால் மடித்தார். முற்றின இலை படக்கென்று ஒடிந்தது.

"உதென்ன? ஆட்டுக்குக் குழை ஒடிச்சனியளோ? ஆர் பறிச்சது?"

முத்தம்மாளை ஒரு தரம் பார்த்தேன். அவளுக்குத்தான் வீடு போகும். முக்காட்டைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன்.

"நான்தான்யா பறிச்சேன். என் இஷ்டத்துக்கு வந்தேன், யாரும் கூட்டியாரல. தப்பாப் பறிச்சிருந்தா அதுவும் என் தப்புத்தான். இந்தப் பொண்ணு பேரைத் தொடாதீங்க."

அவர் என்னைப் பார்த்தார், பாத்திமாவைப் பார்த்தார், செல்லம்மாளைப் பார்த்தார். "காலமை வந்த ஆச்சிமார் எல்லோ?" என்றார். பிறகு இலைக் குவியலைக் குனிந்து பார்த்தார். அவர் தோள் குலுங்கினது. சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நான் இஞ்சை வந்து ஆறு வருசம். இவ்வளவு முத்தல் இலையை ஒரே கூடையிலை காணேல்லை. துரைக்கு இதை நான் என்னெண்டு எழுதுறது? மூண்டு கிழவியள் என்ரை கண்ணுக்கு முன்னாலை மலையேறிச்சினம் எண்டோ?" அந்த இலையை ஒரு செடியடியில் கொட்டச் சொன்னார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார். "முத்தம்மா! இவையளை உடனை வெளியிலை கொண்டுபோய் ரோட்டிலை விடு. வயசான ஆக்கள், கெதியா நடக்க மாட்டினம். பொழுதுபட்டாலும் பறவாயில்லை. பின்நேரம் நீ மலைக்கு வரத் தேவையில்லை, முழுநாள் கூலிக்குப் பேர் விழும்."

ரோடு ஒன்றரை மைல். அதை நடக்க எங்களுக்கு நாலு மணி நேரம் பிடித்தது. எந்த வழியாகப் போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லையே, முத்தம்மாள் தன் லயத்து வழியாகவே கூட்டிப்போனாள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. பால் விடாத தேயிலைச் சாயத் தண்ணீரும் ரொட்டியும் கொடுத்தாள். ரொட்டிக்கு அரைத்த சம்பலில் மிளகாய் போதாது என்றேன். "பறிக்கத் தெரியாதவங்க பேசக் கூடாது" என்றாள். என்னிடம் இப்படிப் பேசி யாரும் தப்பினதில்லை. அன்றைக்கு விட்டுவிட்டேன். பிறகு ஓடையில் கால் நனைத்தோம். அக்காளின் தலையை மடியில் போட்டுத் தங்கை ஈர் பார்த்தாள். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி எங்களுக்குத் தெரியாத யாரையோ பேர் சொல்லித் திட்டிச் சிரித்தார்கள்.

நாலரைக்கு ரோட்டுக்கு வந்தோம். ஐந்து மணிக்குக் கண்டி பஸ் வந்தது, இருபத்திரண்டு மைலுக்கு ஐம்பது சதம். டிரைவர், "நகின்ன, ஆச்சி, நகின்ன" என்று ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார். நான் ஏறினேன், பாத்திமா ஏறினாள், செல்லம்மாள் தங்கையின் கையை விட்டுவிட்டு ஏறினாள். அவளுக்குப் பின்னாலேயே முத்தம்மாளும் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கடி வாற?"

"ரோட்டுல கொண்டு போய் விடச் சொன்னாரு. எது வரைக்கும்னு சொன்னாரா? இதுவும் ரோடுதான்."

பஸ்ஸே சிரித்தது. கணக்கப்பிள்ளை காதில் விழுந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். கண்டக்டருக்கு அவளுக்கான பத்துச் சதத்தை நான் கொடுத்தேன். மூன்று மைல் தள்ளி ஒரு வளைவில், "இதுக்கு மேல போனா இருட்டுறதுக்குள்ள திரும்ப முடியாது" என்று இறங்கிக்கொண்டாள். செல்லம்மாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். முத்தம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை வீசிக்கொண்டு ஏற்றத்தில் விடுவிடு என்று நடந்தாள், ஐம்பது வயதுப் பெண் நடக்கிற நடையா அது!

"பாருடி வள்ளி, சின்னதுல சந்தைக்கு அனுப்புனா இப்படித்தான் போவா" என்றாள் செல்லம்மாள். பஸ் வளைவு திரும்புகிற வரைக்கும் தலையை உள்ளே எடுக்கவில்லை.