வாங்கத் தெரியாத சிலுவையக்கா

எங்கள் தெருமுனையில் தையற்கடை வைத்திருந்த பெண்மணியை எங்கள் ஆலயச் சபையார் அனைவரும் ‘சிலுவையக்கா’ என்றே அழைத்தனர். பக்தி மிகுதியால் வந்த பெயரன்று. மின்விசிறி நின்றாலும், வாடிக்கையாளர் ஏசினாலும், கூரை ஒழுகினாலும், “இது என் சிலுவை, நானே சுமந்துக்கிறேன்” என்பார். அவர் சுமக்க முன்வராத சுமை அத்தெருவில் ஒன்றுகூட இல்லை. சிலருடைய சுமையை அவர்கள் கேளாமலேயே பறித்துக்கொண்டு போனதும் உண்டு.

கடையில் அவருக்குத் துணை, உடன்பிறந்த தங்கை. ஜன்னலருகே வெளிச்சத்தில் இருந்த இயந்திரம் தங்கைக்கு; இருண்ட மூலையில் இருந்தது அக்காவுக்கு. கறுப்புத் துணியைக் கறுப்பு நூலால் தைப்பது கண்ணைப் பிடுங்கும் வேலை. அது வந்தால் அக்காவே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவார். அப்பெருமூச்சு வாசல்வரை கேட்கும். தியாகத்தை விளம்பரப்படுத்தலாகாது என்பது அவருடைய கொள்கை; ஒருவரும் அறியாமலே போய்விடலாகாது என்பதும் அவருடைய கொள்கையே.

தங்கையின் பாணி வேறு. பொத்தான் ஒன்றைத் தைக்க உட்கார்ந்தால், தெருவில் போவோர் வருவோர் கதையெல்லாம் தைத்து முடித்திருப்பாள். பொத்தான் மட்டும் கையில் இருக்கும். பெற்றோரை இழந்த தங்கையை வளர்ப்பதற்காகவே தாம் திருமணம் செய்துகொள்ளவில்லை என்று அக்கா சொல்லும்போதெல்லாம், தான் வளர்ந்து நரைத்தும்விட்ட செய்தி அக்காவுக்கு இன்னும் எட்டவில்லை போலும் என்று தங்கை வருந்துவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் சிறுவர்க்குப் பாடம் நடத்தியவரும் அக்காதான். பலி, மீட்பு என்னும் பாடங்கள் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. குற்றமற்ற ஆண்டவர் மலைமேல் சிலுவையில் தம் உயிரைக் கொடுத்தார். நாம் அதற்கு ஈடாக எதையும் கொடுக்க இயலாது. கை நீட்டி வாங்கிக்கொள்ள மட்டுமே இயலும் என்று அழகாக விளக்குவார். பிஸ்கட் கொடுப்பதற்காக வந்து பின்வரிசையில் அமரும் தங்கையும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சில பிஸ்கட்டுகள் குறைந்திருக்கும்.

இவ்வாறிருக்கையில் அக்காவின் பாதங்கள் வீங்கத் தொடங்கின. தையல் இயந்திரத்தை மிதிக்க முடியாமற்போகும்வரை அவர் வாய் திறக்கவில்லை. மருத்துவமனைக்குச் சென்றபோது இரண்டு சிறுநீரகங்களும் ஏறத்தாழச் செயலிழந்திருந்தன. இரத்தத்தைச் சுத்திகரித்து நாளைக் கடத்தலாம். ஆனால் உடல் அதை நெடுங்காலம் தாங்காது, வேறொருவர் சிறுநீரகம் தந்தாலன்றிப் பிழைப்பது அரிது என்றார் மருத்துவர். தங்கையைச் சோதித்தனர், பொருந்திற்று.

“எனக்கு ரெண்டு இருக்குங்க டாக்டர். ஒண்ணு எப்படியும் சும்மாத்தான் கிடக்கும், என்னை மாதிரியே” என்றாள் தங்கை.

மருத்துவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

கொடுப்பவர் பிறர் வற்புறுத்தலால் இசையவில்லை என்பதை உறுதி செய்ய, இருவரையும் தனித்தனியே விசாரிப்பது அம்மருத்துவமனையின் நடைமுறை. ஆலோசகர் முதலில் அக்காவை அழைத்தார். பொய்யே பேசாதவர் என்று பெயரெடுத்த அக்கா அங்கே துணிந்து ஒரு பொய் சொன்னார். தங்கை மிகவும் கோழை; ஊசியைக் கண்டாலே மயங்கி விழுந்துவிடுவாள்; ஆகவே அவளை விட்டுவிடுங்கள் என்றார். பொய்யில் பழக்கமில்லாதவர் பொய் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

அடுத்து உள்ளே சென்ற தங்கையிடம், ஊசி என்றால் அச்சமா என்று ஆலோசகர் வினவினார். அடுத்த வினா, என்ன தொழில் செய்கிறீர்கள் என்பது. தையல் என்று தங்கை விடையளித்ததும் ஆலோசகர் பேனாவை மூடிவைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். எய்தவர் யாரென்று தங்கைக்கு அக்கணமே விளங்கிவிட்டது.

வெளியே நடையில், நீண்ட இருக்கையின் ஓரத்தில் அக்கா அமர்ந்திருந்தார். தங்கை வந்து அருகில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“பொய் சொல்றதுன்னு முடிவு பண்ணினியே, என்கிட்ட கேட்டிருந்தா நல்லதா ஒண்ணு சொல்லித் தந்திருப்பேனே.”

அக்கா சுவரைப் பார்த்தார்.

“ஏன்க்கா, அன்னைக்கு அந்த மலைமேல நீ நின்னிருந்தா என்ன சொல்லியிருப்பே தெரியுமா? ‘ஆண்டவரே, நீங்க இறங்கி வாங்க, நான் ஏறிக்கிறேன்’னு சொல்லியிருப்பே. ஊருக்கெல்லாம் வாங்கிக்கோ வாங்கிக்கோன்னு பாடம் எடுக்கிறே. உனக்குன்னு ஒருத்தி கொடுத்தா மட்டும் கை நீள மாட்டேங்குதே.”

“விளையாடாதடி. கத்தி வைக்கப்போற உடம்பு உன்னுது. உனக்கு ஏதாவது ஆயிட்டா?”

  தங்கை அக்காவின் முந்தானையில் பிரிந்திருந்த நூல் ஒன்றை இழுத்து விரலில் சுற்றினாள்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயம் போனப்புறம் தரலாம்னு இருந்தா நான் எப்பவும் தரவே மாட்டேன். அதனால பயந்துக்கிட்டே தர்றேன். நீ வேணாம்னா, உன்னைப் புதைச்சிட்டு அந்தக் கடையில நான் என்ன பண்றது?”

அன்பின் விலையை இத்தனை ஆண்டுகள் சிறுவர்க்கு விளக்கியவர் அக்கா. கொடுப்பவராக இருந்தவரையில் எல்லாம் தம் கைக்குள் இருந்தது. இப்போது, அச்சத்தோடு தன்னையே அறுத்துக் கொடுக்கும் ஒருத்தியின் முன்னால் வெறுங்கையோடு இருக்க வேண்டும். அது இருண்ட மூலையில் தைப்பதைவிடக் கடினம். நெடுநேரம் கழித்து அவர் எழுந்து, ஆலோசகரின் அறைக்குள் சென்று, தாம் சொன்னது பொய் என்றும், தங்கை தருவதை வாங்கிக்கொள்ளச் சம்மதம் என்றும் கூறினார்.

அறுவை சிகிச்சை இருவருக்கும் நல்லபடியே முடிந்தது. அடுத்த படுக்கையிலிருந்து தங்கை வலி பொறுக்காமல் பாட்டி காலத்துப் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டுக்கொண்டிருந்தாள். செவிலியர் அக்காவிடம் வந்து, வலிக்கிறதா என்று கேட்டார்.

“இல்லம்மா, அவளை முதல்ல பாருங்க” என்று அக்கா தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“வலிக்குதும்மா. எனக்கும் மருந்து வேணும். அந்தத் தலையணையையும் கொஞ்சம் ஏத்தி வையுங்க.”

அடுத்த படுக்கையில் முனகல் நின்றது. “அப்பாடா” என்றது ஒரு குரல்.