விரல் நுனியில் பதினோரு விநாடி

கடலூர் முதுநகரில் பாலே நடனத்தின் வரலாறு ஓர் எழுத்துத் திருத்தத்தில் தொடங்குகிறது. ஆரோக்கிய அனிதா 'பாலே வகுப்பு' என்று எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்த பெயின்டர் தங்கராசு, படித்த பெண் இப்படித் தப்பாக எழுதிவிட்டதே என்று வருந்தி, கூலி கேட்காமல் 'பாலர் வகுப்பு' என்று போர்டில் திருத்திவிட்டார். முதல் நாள் ஏழு குழந்தைகள் சாப்பாட்டுக் கூடையோடு வந்து இறங்கினார்கள். அவர்களில் மூன்று பேர் அங்கேயே தங்கி பாலே கற்றார்கள். பெற்றோருக்கு விஷயம் தெரிய ஆறு மாதம் ஆயிற்று.

அனிதாவின் தாய் சவரிமேரி, புதுச்சேரியில் பாலே சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுக்கார அம்மாள் ஒருவர் வீட்டில் சமையல் செய்தவர். எட்டு வயதில் அடுப்படி வாசலில் நின்று எட்டிப் பார்த்த அனிதா, பதினாறு வருஷம் பஸ்ஸில் போய்வந்து அந்த ஆட்டத்தைக் கற்றார். அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான் என்பது துரதிர்ஷ்டம். அதை ஒழுங்காகத் தெரிந்துவைத்திருந்தது அதைவிடப் பெரிய துரதிர்ஷ்டம்.

இப்போது வயது நாற்பத்து மூன்று. சனிக்கிழமை கடலூரில் வகுப்பு. ஞாயிறு காலைப் பூசை முடித்து ரயிலேறினால் சிதம்பரத்தில் ஒரு மாடிக் கூடத்தில் வகுப்பு. இரண்டு ஊரிலும் பெற்றோர் பிள்ளையைச் சேர்க்க வருவதைவிட விசாரிக்க வருவதே ஜாஸ்தி.

"சலங்கை எங்க வாங்கணும்?" என்றார் நெல்லிக்குப்பத்து ராஜாமணி. இதற்குச் சலங்கை கிடையாது என்றதும் திடுக்கிட்டார். "அப்ப புள்ள ஆடுதா சும்மா நிக்குதான்னு எப்டிம்மா தெரியும்?"

ஜோதி மேரிக்கு உடைக் கவலை. "சர்ச்சுல புதுநன்மை வாங்கத் தச்ச வெள்ள கவுன் பொட்டில சும்மா கெடக்கு மிஸ். அதையே போட்டு வுட்டுரவா? முக்காடு வேணுமா, வேணாமா?"

இன்னொருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பையனச் சேத்தா நடை மாறிடுமா?"

"மாறும் சார். நிமிந்து நடப்பான்."

அவர் பையனைச் சேர்க்கவில்லை.

எல்லாக் கேள்விக்கும் அனிதா பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் வளைந்து கொடுத்ததில்லை. "எப்ப கால்விரல் நுனியில நிப்பா?" என்று யார் கேட்டாலும், "பன்னெண்டு வயசு ஆவட்டும். எலும்பு முத்தணும்" என்பார்.

அந்தப் பதில் அண்ணாமலை நகரில் குடியிருந்த அறிவுமதிக்குப் போதவில்லை. அவர் மகள் எழிலரசிக்கு ஏழு வயது. பத்து வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு வாய்க்கிற கால் அவளுக்கு வாய்த்திருந்தது. ஐந்து வருஷம் பொறுத்தால் எங்கேயும் ஆடுவாள்; அவசரப்பட்டால் கணுக்கால் கெட்டு எங்கேயும் ஆடமாட்டாள். அனிதா இதைச் சொல்லச் சொல்ல, அறிவுமதி நுனிவிரல் ஷூவையே ஆன்லைனில் வாங்கிக் கொண்டுவந்துவிட்டார்.

"மிஸ், நம்ம ஊர்ல நடராஜரே காலங்காலமா ஒத்தக் கால்ல நிக்கறாரு. அவருக்கு என்னா ஆயிடுச்சு? எம்பொண்ணு ரெண்டு கால்லயும்தான நிக்கப் போவுது?"

"அவரு பஞ்சலோகம் சார். உங்க பொண்ணுக்கு இன்னும் பால்பல்லே விழுந்து முடியல."

சிதம்பரத்தில் இதைவிடச் சரியான பதிலை யாரும் சொல்லியிருக்க முடியாது; இதைவிடத் தவறான பதிலையும்தான். அன்று மாலையே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அறிவுமதி எழுதினார்: 'மிஸ் நம்ம சாமிய வெறும் உலோகம்னு சொல்லிட்டாங்க.' குழுவில் இருந்த பத்தொன்பது பிள்ளைகளின் பெற்றோருக்கும் மனம் புண்பட்டது. ஜோதி மேரிக்குக்கூடப் புண்பட்டது. புண்பட்ட மனங்களில் பதினைந்து, அடுத்த ஞாயிறே செம்பியன் மாஸ்டரிடம் போய்க் குணமடைந்தன. வெஸ்டர்ன், கரகம், ஜூம்பா நடத்திவந்த மாஸ்டர், பாலேயை ஒரு வாரத்தில் கைபேசியில் கற்றிருந்தார். எத்தனை வயதில் நுனிவிரலில் நிற்கலாம் என்று கேட்டதற்கு, "எப்ப வேணும் சார்?" என்றார்.

மூன்று மாதத்தில் கல்யாண மண்டபத்தில் மாஸ்டரின் ஆண்டு விழா. அனிதாவுக்கு அழைப்பு இல்லை. எழிலரசியின் கால் என்ன ஆயிற்று என்று தெரியாமல் இருக்க முடியாததால் போனார். தூண் ஓரமாக நின்றார்.

எழிலரசி நுனிவிரலில் எழுந்து நின்றாள். முன் வரிசையில் அறிவுமதி விநாடிகளை உரக்க எண்ணினார். ஆறில் இடது கணுக்கால் உள்பக்கம் மடங்கியது. மண்டபத்தில் அதைப் பார்த்தது ஒரே ஆள். பதினொன்றில் கைதட்டல் கூரையைத் தொட்டது.

அனிதா மேடைக்குப் பின்னால் ஓடி, குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து ரிப்பனை அவிழ்த்து ஷூவைக் கழற்றினார். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. கணு வீங்கத் தொடங்கியிருந்தது.

"வலிக்குதா கண்ணு?"

"வலிச்சா நல்லா சிரிக்கணும்னு மாஸ்டர் சொல்லிருக்காரு மிஸ்."

அறிவுமதி போட்டோகிராபரோடு உள்ளே வந்தார். அனிதாவைப் பார்த்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

"வாங்க மிஸ்! பாத்தீங்கல்ல? ஒண்ணும் ஆவல. ஐயோ, கழட்டிட்டீங்களா? போட்டோ இன்னும் எடுக்கலியே!"

"கால் வீங்குது சார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

"போலாம் மிஸ். ஒரே ஒரு போட்டோ."

அவரே குனிந்து ஷூவை மாட்டி ரிப்பனைக் கட்டினார். வீங்கிய இடத்தின் மேலேயே இறுக்கி முடிச்சுப் போட்டார். குழந்தையின் சிரிப்பு இன்னும் அகலமானது.

அனிதா அவர் கையை விலக்கினார். முடிச்சை அவிழ்த்து, கணுவில் படாமல் மேலே ஏற்றி, முறையாக, பதினாறு வருஷம் கற்றபடி கட்டிவிட்டார்.

"பாத்தியா, மிஸ்ஸே கட்டிவுட்டுட்டாங்க. நில்லும்மா" என்றார் அறிவுமதி.

எழிலரசி நின்றாள். இத்தனை வருஷத் தொழிலில், கேட்காமலே இவ்வளவு சிரிக்கிற பிள்ளையைத் தாம் பார்த்ததில்லை என்று போட்டோகிராபர் பாராட்டினார்.