எல்லா நிலையத்திலும் கழிப்பார்கள்

கொட்டகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிரதாப் தற்காலிகக் கணக்கப்பிள்ளையாக இருந்தான். 2001ஆம் ஆண்டு. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நிற்பது அவன் வேலை. பெண்கள் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து தராசின் கொக்கியில் மாட்டுவார்கள். பிரதாப் முள்ளைப் பார்ப்பான். இரண்டு கிலோவைக் கழிப்பான். மிச்சத்தை உரத்துச் சொல்லிவிட்டு எழுதுவான்.

அந்த இரண்டு கிலோ சாக்குக்கும் தண்ணீருக்கும். மழை நாளில் இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். வெயில் நாளில் எந்தத் தண்ணீருக்கு என்று யாரும் கேட்டதில்லை. வெள்ளைக்காரத் துரை இருந்தபோது கேட்கவில்லை. அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபோது கேட்கவில்லை. கம்பனிகள் வந்த பிறகும் கேட்கவில்லை. துரைமார் மாறினார்கள், கொடி மாறியது, கழிவு மட்டும் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் எல்லா நிர்வாகத்துக்கும் உழைத்தது. குறிப்பிட்ட கிலோவை எட்டாதவளுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். கழிவினாலேயே அரைப்பேர் வாங்கியவர்கள் மாரியம்மனிடம் முறையிட்டார்கள். மாரியம்மன் தராசுப் பக்கம் வரவில்லை.

பிரதாப்பின் அம்மா நாகலெட்சுமியும் அதே பிரிவில்தான் கொழுந்து பறித்தாள். அவள் சாக்கிலும் அவன் இரண்டு கிலோவைக் கழித்தான். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. மகன் எழுத்து வேலை பார்க்கிறான். வேலை நிரந்தரமானால் வரிசை அறைகள் கொண்ட லயத்தை விட்டு உத்தியோகத்தர் வீட்டுக்குப் போகலாம். தனி வீடு, தனிக் குழாய், தனிக் கக்கூஸ். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்காத சுவர். வீடு காலியாகத்தான் கிடந்தது. ஏப்ரலில் துரையிடம் பெயர் கொடுப்பதாகக் கண்டாக்கையா சொல்லியிருந்தார். தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடியாகப் பேசக்கூடிய வாய் அவருடையது. நாகலெட்சுமி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டுப் பக்கமாக நடந்துபோய் ஜன்னல் வழியாக அடுப்படியைப் பார்த்துவிட்டு வருவாள்.

அதே ஞாயிற்றுக்கிழமைகளில் பிரதாப் அட்டனுக்குப் போவான். கடைவீதியில் ஒரு மாடியில் லக்ஸ்மன் சேர் கம்பியூட்டர் வகுப்பு நடத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒவ்வொரு கம்பியூட்டருக்கும் மூன்று கோடு விபூதி பூசி வைத்திருந்தார். அதனால் அவை ஒன்றும் வேகமாக ஓடிவிடவில்லை. வகுப்பு முடிந்ததும் மாலை வரை விளையாட விடுவார். அங்கே ஒரு பழைய விளையாட்டு இருந்தது. கொழும்பிலிருந்து யாரோ டிஸ்கில் கொண்டு வந்தது. அதன் உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாரும் 'கப்பல்' என்றார்கள்.

விஷயம் சுலபம். உங்களுக்கு ஒரு விண்கப்பல் இருக்கிறது. ஒரு நிலையத்தில் தானியமோ இரும்போ மருந்தோ வாங்கி ஏற்றுகிறீர்கள். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் பாய்ந்து இன்னொரு நிலையத்தில் விற்கிறீர்கள். நடுவில் கொள்ளைக்காரர்கள் வருவார்கள். தடை செய்த சாமான் இருந்தால் பொலிஸ் வரும். கறுப்பு இருட்டைக் கோடுகளால் கீறியதுபோல ஒரு படம். அதற்குள் உட்கார்ந்து பிள்ளைகள் ஒரு பிரபஞ்சத்தையே நடத்தினார்கள்.

"உது என்ன விளையாட்டு?" என்று லக்ஸ்மன் சேர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். "அரிசி வாங்கி விக்கிறதுக்கு விண்வெளிக்குப் போகோணுமே? கீழ சந்தையில விக்கலாம்தானே?"

"சந்தையில கொள்ளைக்காரன் துவக்கோட வரமாட்டான் சேர்" என்றான் நல்லமுத்து.

"நீ வியாபாரம் செய்து பாக்கேல்ல, அதான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நல்லமுத்து டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அட்டனில் ஒரு தையல் கடையில் காற்சட்டை வெட்டுபவன். கப்பலைப் பற்றிய எல்லாக் கதையும் அவனிடம் இருந்தது. அந்த விண்வெளியில் கம்பனியின் நிலையங்களும் உண்டு, தொழிலாளர் சங்கத்தின் நிலையங்களும் உண்டு. முன்பு ஒரு காலத்தில் சங்கம் கம்பனியை எதிர்த்துச் சண்டை போட்டதாம். பிறகு இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டனவாம். இதை அவன் எங்கே படித்தான் என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அதைப் படிக்க வேண்டிய தேவையில்லை. இருட்டு மேகத்துக்குப் பின்னால் ஒரு மறைந்த கிரகம் இருப்பதாகவும் சொல்லுவான்.

"அங்க போனா சாமான் சும்மாவே ஏத்திக்கலாம்டா."

"நீ போயிருக்கியா?" என்பான் பிரதாப்.

"போனவன் எவனும் திரும்பி வந்து சொன்னதில்ல. அப்ப இருக்குன்னுதானே அர்த்தம்?"

மதங்கள் இப்படித்தான் தொடங்கின. ஆனால் அந்த மாடியில் அதிகமாகப் பேசப்பட்டது மறைந்த கிரகமல்ல. கழிவு.

நூறு மூட்டை ஏற்றிக்கொண்டு போனால் இறக்குகிற இடத்தில் நூறு இருக்காது. சில தடவை தொண்ணூற்றைந்து. தூரப் பயணமென்றால் எண்பதுகூட. நிலையத்தில் கழிக்கிறார்கள் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். எந்த நிலையத்தில் எவ்வளவு கழிப்பார்கள், எந்தச் சாமானில் கூடக் கழிப்பார்கள் என்பதைப் பற்றி மணிக்கணக்காகத் தர்க்கம் நடக்கும்.

"கம்பனி நிலையத்துலதான் கூடக் கழிக்கிறான். பக்கத்துல இருக்கிற சங்கத்து நிலையத்துக்குக் கொண்டுபோ, கொறைச்சுக் கழிப்பான்" என்பான் நல்லமுத்து.

"சங்கத்துல சந்தாவையும் சேத்துக் கழிப்பான்டா."

"பொலிஸ்கிட்ட நல்ல பேர் இருந்தாக் கழிவு கொறையும்."

"பேரெல்லாம் கெடையாது. ஈரம்தான்." தொழில் தெரிந்தவன் என்பதால் பிரதாப்பின் பேச்சுக்கு அங்கே மரியாதை உண்டு. "தானியத்துல ஈரம் இருக்கும். ஈரத்துக்குக் கழிக்கத்தான் செய்வாங்க."

"இரும்புலயும் ஈரமா?"

"சாக்கு இருக்குல்ல."

இதை ஒப்புக்கொண்டு எல்லாரும் தலையாட்டினார்கள். விண்வெளியில் இரும்பைச் சாக்கில் கட்டுவார்கள் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

மாசி மாதத்தில் ஷாமிலா வகுப்பு எடுக்க வந்து சேர்ந்தாள். அவளுடைய வாப்பாவுக்கு அட்டனில் ஹார்ட்வெயார் கடை. இவர்கள் வயதுதான். டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்ததால் இவர்கள் கேலியாக 'டீச்சர்' என்றார்கள். ஒரு ஞாயிறு அவளும் கப்பலில் உட்கார்ந்தாள். நூறு மூட்டை மருந்து ஏற்றினாள். இறக்கியபோது தொண்ணூற்றிரண்டு.

"மிச்சம் எங்க?" என்றாள்.

"கழிச்சிட்டாங்க டீச்சர்."

"யாரு?"

"நிலையத்துல."

"ஏன்?"

நல்லமுத்து சிரித்தான். பக்கத்து மேசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். "இறக்குற இடத்துல கழிக்காம எப்படி டீச்சர் இருப்பாங்க? எங்கயும் அப்படித்தானே?"

"எங்க வாப்பா கடையில அம்பது மூட்டை சீமெந்து இறக்கினா அம்பதும் இருக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் லொறிக்காரர அசைய விடமாட்டாரு."

"அது சீமெந்து" என்றான் பிரதாப் பொறுமையாக.

ஷாமிலா திரும்பவும் நூறு மூட்டை ஏற்றினாள். நிலையத்தை விட்டு வெளியே வந்தாள். ஒருமுறை பாய்ந்தாள். எந்த நிலையத்துக்கும் போகாமல் நடு இருட்டில் கப்பலை நிறுத்திவிட்டுச் சாமான் அறையைத் திறந்து பார்த்தாள். தொண்ணூற்றேழு.

இத்தனை காலத்தில் ஒருவரும் நடு வழியில் சாமான் அறையைத் திறந்து பார்த்ததில்லை. பார்க்க என்ன இருக்கிறது? கழிவு நடப்பது தராசில்தானே?

"இங்க தராசு இல்ல. கணக்கப்பிள்ளை இல்ல. ஒரு மனுசன் இல்ல" என்றாள் ஷாமிலா. "இப்ப யாரு கழிச்சது?"

பிரதாப் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

அவள் மறுபடி பாய்ந்தாள். தொண்ணூற்று நான்கு. பிறகு திரையின் ஓரத்தில் எப்போதும் எரிந்துகொண்டிருந்த சின்னச் சிவப்பு விளக்கைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டாள்.

"அது பொட்டு" என்றான் நல்லமுத்து.

"என்ன?"

"கப்பலுக்குப் பொட்டு. லொறிக்கு வைக்கிறதில்லையா? அது மாதிரி."

ஷாமிலா அடுத்த நிலையத்தில் கப்பலைத் திருத்தும் பட்டறைக்குள் போய், அங்கே இருந்த ஒவ்வொரு வேலையாகச் செய்யச் சொன்னாள். இயந்திரம், துவக்கு, கண்ணாடி. ஒன்றும் நடக்கவில்லை. சாமான் அறைக் கதவைத் திருத்தச் சொன்னதும் சிவப்பு விளக்கு அணைந்தது. நூறு மூட்டை ஏற்றி, மூன்று நட்சத்திரம் தாண்டி, நூறு மூட்டை இறக்கினாள்.

விஷயம் இதுதான். புதிதாக ஆட்டம் தொடங்கினால், கையேட்டில் இன்ன பக்கத்தில் இன்ன சொல் என்ன என்று அந்த விளையாட்டு கேட்கும். கையேடு யாரிடமும் இல்லை. அதனால் டிஸ்கில் முன்பு யாரோ விளையாடிப் பாதியில் விட்டிருந்த ஆட்டத்தைப் பிரதி எடுத்து, அதிலிருந்துதான் எல்லாரும் தொடங்கினார்கள். அந்த யாரோ கப்பலை எங்கேயோ மோதிக் கதவை உடைத்திருந்தார். அட்டன் மாடியில் பிறந்த அத்தனை கப்பலும் பிறக்கும்போதே கதவு உடைந்து பிறந்தவை. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் சாமான் வெளியே கொட்டிக்கொண்டே போனது. அதைப் பார்த்து ஒரு பிள்ளைகூட 'ஓட்டையா?' என்று கேட்கவில்லை. எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள். குறைவது இயற்கை என்று தாயின் இடுப்பிலேயே படித்துவிட்டு வந்தவர்கள்.

"பொட்ட அழிச்சிட்டீங்களே டீச்சர்" என்றான் நல்லமுத்து. உண்மையிலேயே அவனுக்கு மனது சரியில்லை. தன்னுடைய டிஸ்கில் கதவைத் திருத்த அவன் சம்மதிக்கவே இல்லை. நிலையத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும் என்றான்.

பிரதாப் பஸ் ஏறினான்.

அந்த மாசி மாதம் மழையே இல்லை. பனி காலையிலேயே காய்ந்துவிடும். திங்கட்கிழமை பிற்பகல் நிறுவைக்கு மடுவத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கண்டாக்கையா மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். முதல் சாக்கை நிறுத்துக் கொழுந்தைக் கொட்டிய பிறகு, பிரதாப் அந்த வெறும் சாக்கை எடுத்துத் திரும்பவும் கொக்கியில் மாட்டினான். முள் கொஞ்சம் அசைந்தது. அரைக் கிலோகூட இல்லை. வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"என்னப்பா செய்றே?" என்றார் கண்டாக்கையா.

"சாக்கு இவ்வளவுதாங்க இருக்கு."

"தண்ணி?"

பிரதாப் கொட்டிய கொழுந்தில் ஒரு பிடி அள்ளி அவரிடம் காட்டினான். உள்ளங்கை காய்ந்திருந்தது. "தண்ணி எங்கங்க இருக்கு?"

"எப்பயும் கழிக்கிறதுதானே?"

"அதுதாங்க கேக்குறேன். யாருக்குக் கழிக்கிறோம்?"

கண்டாக்கையா வாய் திறக்குமுன் வரிசையின் பின்னாலிருந்து நாகலெட்சுமியின் குரல் வந்தது.

"எப்பயும் போல கழிடா! பெரிய ஞாயக்காரன் மாதிரி பேசாத!"

"அம்மா, நீ சும்மா இரு."

"நான் ஏன்டா சும்மா இருக்கணும்? என் கொழுந்து! என் கொழுந்துல ரெண்டு இல்ல, மூணு கழி! ஐயா, அவன் சின்னப் பையங்க, மனசுல வச்சுக்காதீங்க."

யாரோ சிரித்தார்கள். "இந்தம்மா வீட்டுக்கு இப்பவே வாடகை கட்டுது" என்றது ஒரு குரல்.

பிரதாப் தன் அம்மாவைப் பார்த்தான். அவள் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தாள். பிறகு அவன் முள் காட்டிய எடையில் சாக்கின் எடையை மட்டும் கழித்துச் சொன்னான், எழுதினான். அடுத்தவளைக் கூப்பிட்டான். கடைசியாக வந்த நாகலெட்சுமிக்கும் அப்படியே எழுதினான். அன்று அந்தப் பிரிவில் ஒருத்திக்கும் அரைப்பேர் விழவில்லை.

கண்டாக்கையா கத்தவில்லை. கத்துவதெல்லாம் அதிகாரம் குறைந்தவர்கள் செய்வது. மறுநாள் காலை ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டில் பிரதாப்பைப் புல்வெட்டும் ஆட்களோடு நிறுத்தினார்கள். தராசுக்கு வேறொரு பையன் வந்தான். ஏப்ரலில் அவன் பெயர்தான் துரையிடம் போனது. வீட்டுக்கு அவனுடைய குடும்பம் குடிவந்து, ஜன்னலுக்குத் திரை போட்டது.

நாகலெட்சுமி மகனோடு பேச்சை நிறுத்தினாள். சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து, "சாப்புடச் சொல்லு" என்பாள். சுவர் சொல்லாது. பிரதாப் சாப்பிடுவான். அதிலிருந்து மூன்றாம் மாதம் ஷாமிலாவின் வாப்பா கடையில் அவனுக்கு வேலை கிடைத்தது. லொறியிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது. அட்டனில் கடைக்கு மேலேயே தங்கிக்கொண்டு, மாதத்துக்கு இரண்டு முறை லயத்துக்கு வந்தான். நல்லமுத்து கிண்டல் செய்தான்: "கடைசியில உனக்குச் சீமெந்துதான்டா."

தோட்டத்தில் நடந்ததை அவன் பக்கத்துக் காம்பராக்காரர்கள் சொல்லித்தான் கேட்டான். அவன் அட்டனுக்குப் போன பிறகு ஒரு காய்ந்த நாளில், புதுப் பையன் வழக்கம்போல முதல் சாக்குக்கு இரண்டு கிலோவைக் கழித்தபோது, ஒருத்தி கொழுந்தைக் கொட்டிவிட்டு வெறும் சாக்கைக் கொக்கியில் மாட்டினாளாம். அரைக் கிலோவும் இல்லாத அந்த முள்ளை எல்லாரும் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. இதைப் பார்த்துவிட்டுப் பிறகு எழுதுங்கள் என்றாளாம். பின்னால் நின்ற ஒருத்தியும் சாக்கை அவிழ்க்கவில்லை. லொறி காத்து நின்றது. கட்டிவைத்த கொழுந்து சாக்குக்குள் சூடேறத் தொடங்கியது. சிவந்து போன கொழுந்தைத் தொழிற்சாலை வாங்காது. அதற்குக் கண்டாக்கையாதான் பதில் சொல்ல வேண்டும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "காஞ்ச நாளுக்குச் சாக்கு மட்டும்" என்றாராம். மழை நாளுக்குப் பழைய சட்டமே என்றும் சொல்லிவைத்தார். நுவரெலியா மாவட்டத்தில் மழை நாளுக்குக் குறைவில்லை. அதனால் அவர் பெரிதாக எதையும் விட்டுக்கொடுத்துவிடவில்லை.

முதலில் சாக்கை மாட்டியது யார் என்று பிரதாப் கேட்டான். சொன்னார்கள்.

அன்று நாகலெட்சுமி சோற்றைப் போட்டுவிட்டு வழக்கம்போலச் சுவருக்குத் திரும்பினாள்.

"அன்னைக்கு நீதானே எப்பயும் போல கழின்னு கத்துன?" என்றான் பிரதாப்.

அவள் சுவரை விட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு வீடு இருந்துச்சு" என்றாள். "இப்ப என்னா இருக்கு? கொழுந்து மட்டுந்தானே இருக்கு. அதையும் எதுக்கு விடணும்?"

குழம்பை ஊற்றினாள்.